அப்பாவின் வலிக்கு ஓர் எண்

அன்புள்ள வெர்னா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் டெல்லா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் மாடியில் குடியிருக்கும் மிஸஸ் டோலனுக்குக்கூட வேண்டாம்; அவர் காதில் விழுந்தது மறுநாள் உங்கள் ஊர் ஸ்க்ரான்டன் முழுக்கத் தெரியும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் சமையலறைத் தொட்டியில் போட்டுக் கொளுத்திவிடுங்கள். எல்லாவற்றையும்விட, அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பூனை நலமா? அப்பாவுக்கு நீங்கள் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. மிக அழகாக இருக்கிறது என்று உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். ஆனால் அவர் அதைப் போடவில்லை, அத்தை. போட முடியவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து அவர் பாதத்தில் துணி பட்டாலே தணல் பட்ட மாதிரி இருக்கிறது. அம்மா கிடங்கில் இரவு வேலைக்குப் போனதும் அவர் மெதுவாக எழுந்து நிலவறைக்கு இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் வெறும் சிமென்ட் தரையில் வைத்துக்கொள்கிறார். விடியும் வரை அப்படியே இருக்கிறார். இது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடும் இறங்குவதில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டே வருகிறார்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். வீட்டுப் போனில் பேசினால் அப்பா காதில் விழும். என் போன் செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. மடிக்கணினியும் அவரிடம்தான். அதற்கு நான் செய்த காரியம்தான் காரணம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அப்பாவிடம் கஞ்சா பற்றிச் சொன்னார். (இந்த வார்த்தையை எழுதும்போது கதவைத் திரும்பிப் பார்த்தேன்.) திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படி. மாநிலத்தின் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். அரசு அங்கீகரித்த டாக்டர் ஒருவர் நம்மிடம் பேசி, நோய்க் குறிப்புகளைப் பார்த்து, இவருக்கு இது உதவும் என்று சான்று தர வேண்டும். பிறகு அட்டை வரும். அட்டையைக் காட்டினால் அதற்கென்று இருக்கும் கடையில் சொட்டு மருந்தாகவோ மாத்திரையாகவோ வாங்கலாம். பசி எடுக்கும், தூக்கம் வரும், பாத எரிச்சல் கொஞ்சம் அடங்கலாம் என்றார் நர்ஸ். அப்பா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். துப்பாக்கி. மாநிலம் அட்டை கொடுத்தாலும் மத்தியச் சட்டம் அதை ஒத்துக்கொள்வதில்லை. அட்டைக்காரர் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. அந்த நாளை அப்பா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை, நான் பிறந்த வருடம் உட்பட. அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை. கீழே நிலவறையில் கண்ணாடி அலமாரியில் தாத்தாவின் துப்பாக்கி இருக்கிறதே, அதைக் கைமாற்றிவிட்டு அந்தத் திங்கட்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? அம்மா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். போதாததற்குப் பக்கத்து வீட்டு ஸ்டஷ் வந்து, அட்டை அச்சாகும்போதே போலீஸ் நிலையத்தில் மணி அடிக்கும், தபால்காரர் முன்னால் வந்தால் பின்னாலேயே போலீஸ்காரர் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டார்களாம்.

ஆகவே நானே அப்பாவைப் பதிந்துவிட்டேன்.

தப்புதான். ஆனால் அந்த நேரத்தில் தப்பாகத் தெரியவில்லை. 'புட்ச் யூர்கோனிஸ்' என்று அடித்தேன், பதிவேடு ஏற்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற பெயர்தான் வேண்டுமாம். அவர் தூங்கும்போது பணப்பையிலிருந்து உரிமத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அப்பாவின் பெயர் பெர்னார்ட் அலோஷியஸ் என்று தெரிந்தது. ஊரே புட்ச் என்கிறது, அம்மா புட்ச் என்கிறாள், பாதிரியார் புட்ச் என்கிறார். இத்தனை நாள் ஒரு பெர்னார்டோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஃபெராண்டே என்ற டாக்டரம்மா கணினி வழியே பேச நேரம் கொடுத்தார். மருத்துவமனையில் இருந்து வழக்கமான விசாரிப்பு என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் மேலே தேவாலயத்துக்குப் போடும் சட்டையும் கீழே பைஜாமாவுமாக வந்து உட்கார்ந்தார். நான் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அத்தை, எல்லாம் சரியாகத்தான் திட்டமிட்டிருந்தேன். நம் ஆட்கள் பதில் சொல்லும் விதத்தைத்தான் மறந்துவிட்டேன்.

டாக்டர், "வலி எவ்வளவு இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்றார்.

"குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க" என்றார் அப்பா.

"இருந்தாலும் ஒரு நம்பர் சொல்லுங்களேன்."

அப்பா கூரையைப் பார்த்தார். அவர் யாரை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். உங்கள் சித்தப்பா ஜோவை. சுரங்கத்தில் தோள் எலும்பு முறிந்து, மலை முழுக்க நடந்தே வீடு வந்து, ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாரே, அவரை. இந்தக் குடும்பத்தில் அதுவே நாலுதான். அதற்கு மேல் யாரும் போனதில்லை.

"ரெண்டு" என்றார் அப்பா.

சாப்பாடு எப்படி என்று கேட்டார் டாக்டர். தட்டில் மிச்சமே வைப்பதில்லை என்றார். அது உண்மைதான். மேசைக்கு அடியில் எங்கள் நாய் டக்கர் இருக்கிறது. அப்பா எவ்வளவு இளைத்தாரோ அவ்வளவு அது பெருத்துவிட்டது. தூக்கம்? படுத்தால் விடிந்துதான் எழுந்திருக்கிறேன் என்றார். நான் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கையைக் காலை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இவ்வளவு நல்லா இருக்கிறவருக்கு நான் எதுக்குச் சான்று கொடுக்கணும், மிஸ்டர் யூர்கோனிஸ்?"

"என்ன சான்று?" என்றார் அப்பா.

டாக்டர் சொன்னார். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மரியாதையாக விடைபெற்று, கணினியை மெதுவாக மூடினார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொலைக்காட்சியில் கால்பந்து நடுவரைப் பார்த்து ஜன்னல் அதிரக் கத்துகிற மனிதர், என்னிடம் கையை மட்டும் நீட்டினார். போனைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு உப்பை எடு என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். நேற்றுப் பள்ளியில் வயிற்று வலி என்று சொல்லி நர்ஸ் அறைக்குப் போய், அவர் வெளியே போன நேரத்தில் அங்கிருந்த போனில் டாக்டர் ஃபெராண்டேயைக் கூப்பிட்டேன். எனக்குச் சளி பிடித்திருந்தது. குரல் கட்டையாக இருந்தது. அதை நம்பி, பெர்னார்ட் யூர்கோனிஸ் பேசுகிறேன், அன்றைக்குக் கணக்குத் தப்பாகிவிட்டது, உண்மையில் பத்து என்றேன். அப்போது பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்தது.

"மிஸ்டர் யூர்கோனிஸ், உங்க அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு போலிருக்கே" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "உங்கப்பா சொல்ற நம்பர் எனக்கு வேண்டாம், கண்ணு. ராத்திரி மூணு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தார்னு அவர் வாயால சொல்லச் சொல்லு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுறேன். அவர் வேண்டாம்னு சொன்னா இதோட மூடிடுவேன். வேற ஒருத்தருக்காக யாரும் இதைக் கேட்டு வாங்க முடியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை என்பது நாளை. அடுத்தவர் குரலில் பேசி அரசாங்கச் சான்று கேட்பதற்கு எத்தனை வருடம் ஜெயில் என்று எனக்குத் தெரியாது. ஸ்டஷைக் கேட்டால் மின்சார நாற்காலி என்பார். நேற்றிலிருந்து தெருவில் கார் மெதுவாகப் போனாலே ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறேன்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன். அப்பா பிரோகிக் கொழுக்கட்டையைத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ராத்திரி மூன்று மணிக்குக் கீழே படியில் என்ன செய்கிறீர்கள் என்று அந்த டாக்டர் கேட்கிறார் என்றேன்.

"யாரு சொன்னா அவங்களுக்கு?"

"யாரும் சொல்லலைப்பா. கேட்கத்தான் சொன்னாங்க. படி கதையெல்லாம் நான் சேர்த்தது. நீங்க கீழ்ப்படியில உக்காந்திருக்கும்போது நான் மேல்படியில உக்காந்திருப்பேன்."

"எத்தனை நாளா?"

"மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து."

அவர் முட்கரண்டியை வைத்தார். தட்டை எடுத்து, ஒளிக்காமல், எல்லோரும் பார்க்க டக்கருக்கு முன்னால் தரையில் வைத்தார். எல்லோரும் என்றால் நான்தான். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். பிறகு நிலவறைக்கு இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தீயணைப்பு நிலையத்தில் சீட்டாடப் போயிருப்பார் என்று நினைத்துத்தான் மேலே வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

அத்தை, உங்களிடம் கேட்க வந்தது இதுதான். அம்மா இல்லாத பிள்ளையாக அவரை வளர்த்தது நீங்கள். இந்த உலகத்தில் அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். நீங்களாகவே வருவது மாதிரி வாருங்கள், என் பெயரை இழுக்காதீர்கள். தாத்தாவின் துப்பாக்கியை நீங்கள் வைத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். அது உங்கள் அப்பாவின் துப்பாக்கிதானே. அது உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு அட்டை வாங்க மனசு வரலாம்.

கீழே போய்த் தபால்தலை எடுத்து வருகிறேன்.

அத்தை, நிலவறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி அலமாரி திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. தாத்தாவுடையதும் இல்லை, மற்ற இரண்டும் இல்லை, தோட்டாப் பெட்டிகளும் இல்லை.

வீட்டுப் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். புட்ச் இன்றைக்கு வரவே இல்லை என்றார்கள். அம்மாவின் கிடங்கில் வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள், சொல்லச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்கு அடித்தேன், அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. படுக்கும்போது காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் அடித்தேன். ஸ்டஷ் வீட்டுக் கதவை இடித்தேன். எதற்கும் அசையாத மனிதர், நான் சொன்னதைக் கேட்டதும் பைஜாமாவோடு வண்டியை எடுத்துக்கொண்டு அப்பா வழக்கமாக வேட்டைக்குப் போகும் பழைய சுரங்க மேட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது ஒரு வேடிக்கைப் பேச்சுகூடப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இன்னும் திரும்பவில்லை.

உடம்பு முடியாத ஒருவர் ராத்திரியில் துப்பாக்கிகளோடு தனியாக எங்கே போவார் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் நினைக்க வேண்டாம். நான் அந்தப் படி விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவர் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. ஸ்டஷ் வரும் வரைக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டும், அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒழுங்காக முடிக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு மழைக்காலம் தொந்தரவு தராமல் இருக்கட்டும். பூனைக்கு என் அன்பு. மிஸஸ் டோலனுக்கு வணக்கம் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னது என்று சொல்லாதீர்கள். எல்லாப் புனிதர்களும் உங்கள் வீட்டு வாசலில் காவல் இருக்கட்டும். ஒருவரை மட்டும் இன்று ராத்திரி எங்கள் பக்கம் அனுப்பிவையுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
டெல்லா

பின்குறிப்பு: வண்டிச் சத்தம். ஸ்டஷ் வண்டி இல்லை, நம் வண்டிதான், நிறுத்தும்போது இருமும். படியேறி வருகிறார். இந்த வீட்டில் அப்பா யார் கதவையும் தட்டியதே கிடையாது, கீழே இருந்து கத்துவார். இப்போது என் கதவைத் தட்டுகிறார். உள்ளே வராமல் வெளியே நின்றே பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

"டெல், விளக்கு எரியுது, முழிச்சிருக்கேன்னு தெரியும். அத்தைக்கு ஏதாவது எழுதிட்டிருந்தா கிழிச்சுப் போடு. அவ வீட்டுலேர்ந்துதான் வர்றேன். துப்பாக்கியெல்லாம் அங்கதான் இருக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். போன் அடிச்சும் எடுக்காம அவ திட்டின திட்டுல மாடியில இருக்கிற அந்தம்மாவே இறங்கி வந்துட்டாங்க."

பிறகு:

"நாளைக்கு அந்த டாக்டரம்மா கூப்பிட்டா, நீ என் பக்கத்துல உக்காரு. எனக்கு வாய் வரலைன்னா நீ சொல்லு. ஒன்பது."

மறுபடியும் தட்டுகிறார்.

"ராத்திரியில பத்து."

அத்தை, நான் கதவை