கதிரை அண்ணையும் மிரியத்தின் உரையும்

கனடாவின் ஸ்காபரோவிலே ஒரு தமிழ்ச் சிறுமி கதிரை அண்ணையின் சிம்மாசனத்தில் அமராதிருந்தால், அவள் பூப்பெய்திய செய்தியை ஊர் இன்னும் ஏற்கவில்லை என்றே பொருள். சாமத்திய வீடுகள் எனப்படும் பூப்பு நீராட்டு விழாக்களுக்கு மேடை சோடிப்பது அவர் தொழில். அவருக்குப் பட்டப்பெயர் தந்த, பொன்முலாம் பூசிய சிங்கக் கதிரை என்னும் நாற்காலி, மின்விசையால் இதழ் விரிக்கும் தாமரை, புகை கக்கும் பொறி ஆகியவற்றை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டால், குழந்தையின் பிறந்தநாளும் முடிசூட்டு விழாவாகிவிடும்.

என் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் வாழ்பவர் ரேச்சல் என்னும் யூதப் பெண்மணி. மகள் மிரியத்துக்குப் பன்னிரண்டு வயது நிறைவதால், தம் மரபுப்படி ‘பாத் மிட்ஸ்வா’ விழா எடுக்க விரும்பினார். சமய வாழ்வின் பொறுப்பை அன்றுமுதல் பிள்ளையே ஏற்பாள். மேடைக்கு ஆள் தேடியவருக்குக் கதிரை அண்ணையை அறிமுகப்படுத்தி, முன்னாள் ஆசிரியனான நானே மொழிபெயர்ப்பாளனாக நடுவில் அமர்ந்தேன்.

முதற் கேள்வியிலேயே அண்ணை என்னைத் திணறடித்தார்.

“மாஸ்டர், பிள்ளைக்கு எப்ப தண்ணி வாத்தவை எண்டு கேளுங்கோ.”

“இது பெரியபிள்ளையானதுக்கு இல்லை. பன்னிரண்டு வயசு முடியுது, அவ்வளவுதான்.”

“வெறும் வயசுக்கே மண்டபம் எடுக்கினமோ? நல்ல சனம்.”

மிரியம் தாமரையை மறுத்தாள், புகையை மறுத்தாள், சிம்மாசனத்தை மட்டும் அரைமனத்தோடு ஏற்றாள். அவள் வினவியது ஒன்றே: உரையாற்றும்போது எங்கே நிற்பது? அவளுக்குத் திக்குவாய். பள்ளி மேடையொன்றில் பாதியில் இறங்கி அழுதவள், இம்முறை இறுதிச் சொல்வரை பேசிவிட வேண்டுமென்று மாதக்கணக்காகப் பயின்றுகொண்டிருந்தாள். இதை நான் எடுத்துரைத்தபோது அண்ணை நம்ப மறுத்தார்.

“பிள்ளை கதைக்கிறதோ? பிள்ளை இருக்கிறது, நாங்கள் படம் எடுக்கிறது. கதைக்கத்தானே மாமன்மார் இருக்கினம்.”

விழாவன்று மாலை மிரியம் ஒலிவாங்கியைக் கையிற் பற்றியபடி பேசத் தொடங்கினாள். தொழுகைக்கூடத்தில் தான் வாசித்த மறைநூற் பகுதியில், தனக்கு உடன்பாடில்லாத ஓரிடத்தை எடுத்து வாதிட்டாள். அவர்களுடைய குருவோ மகிழ்ந்து தலையசைத்தார்.

“ஐயரோட வாதாடுது. அவர் சிரிக்கிறார்,” என்று, நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட அண்ணை என் காதில் வியந்தார்.

அக்கணமே ஒரு சொல் அவள் தொண்டையில் சிக்கியது. நல்ல காட்சி வாய்த்ததென்று அண்ணையின் படப்பிடிப்பாளர் இருவரும் நெருங்கினர். விளக்கொளி அவள் முகத்தில் அறைந்தது. அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவரத் தாய்மாமன் எழுந்தார்.

வாழ்நாளில் ஒரு விளக்கையும் தாமாக அணைத்தறியாத கதிரை அண்ணை ஓடிச்சென்று மேடை விளக்குகளை அணைத்தார்.

“கமராவைக் கீழ வையுங்கோடா. பிள்ளை கதைக்குது.”

பிறகு மாமனின் தோளைப் பற்றி, கலப்பற்ற யாழ்ப்பாணத் தமிழில், “இருங்கோ, அவ சொல்லுவா,” என்றார். ஒரு சொல்லும் விளங்காத அம்மனிதர் பணிந்து அமர்ந்தார்.

மண்டபம் காத்திருந்தது. சொல் வந்தது. பின்வந்தவற்றிலும் சில சிக்கின, எவரும் எழவில்லை. மிரியம் இறுதிச் சொல்வரை பேசினாள்.

பொருள்களை வண்டியில் ஏற்றுகையில் அண்ணை சிம்மாசனத்தின் மேல் கைவைத்தார்.

“மாஸ்டர், எத்தினை பிள்ளையளை இதில இருத்திப்போட்டன். ஒருத்தியும் என்ன நினைச்சவள் எண்டு எனக்குத் தெரியாது.”

அன்றுமுதல் சிம்மாசனத்தின் அருகே ஓர் ஒலிவாங்கியையும் அவர் நிறுத்துகிறார். மாமன்மார் முணுமுணுக்கின்றனர்; பிள்ளைகளிற் பலர் அதைக் கண்டு அஞ்சுகின்றனர். சென்ற மாதம் அயலூரான விட்பியில் நடந்த சாமத்திய வீட்டில் ஒருத்தி துணிந்து அதை எடுத்தாள்.

“அங்கிள், இந்த கிரவுண் சரியா நோகுது. நான் இப்ப சாப்பிடலாமோ?”

மண்டபம் நகைத்தது. அண்ணை நகைக்கவில்லை. மகுடத்தைத் தம் கையாலேயே கழற்றி வைத்தார். உணவு வரிசையில் நின்ற பெரியோரையெல்லாம் விலக்கிக்கொண்டு போய், சோற்றுத் தட்டோடு மேடையேறினார். படப்பிடிப்பாளர் அப்போது உண்ணப் போயிருந்தனர். அந்தக் காட்சியின் படம் ஒன்று என்னிடம் இல்லையே என்ற குறை எனக்கு இன்றுமுண்டு.