கோபுரம் வந்தால் சண்டை என்று அர்த்தம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களை எல்லோரும் உதவும் மனம் படைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. எங்களுக்கு 'முடியாது' என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். பத்தாவதோடு படிப்பை முடித்த நான், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சினிமா உத்திகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான்.

காஞ்சிபுரத்தில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்வது என் தொழில். (மண்டபத்தில் நாலு பேர் முன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பயந்துதான் இருட்டறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தேன்.) செவிலிமேட்டில் எங்கள் பக்கத்து வீடு தணிகாசலம் அண்ணனுடையது. பஸ் ஓட்டுகிறவர். ஹாரன் தேவைப்படாத குரல். அவருடைய சின்ன மகள் யாழினிக்கு, கேமரா, எடிட்டிங் எல்லாம் சொல்லித்தரும் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்க ஆசை. அண்ணன் பி.காம்.தான் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில், பள்ளியில் பெற்றோர் முன்னால் அவள் வாசிக்கப்போகும் கட்டுரையைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இறங்கிவந்தார்.

டீச்சர் ஒரு குறும்படத்தைக் காட்டி, எந்த உத்தியை இயக்குநர் ஏன் பயன்படுத்தினார் என்று ஆராய்ந்து எழுதச் சொல்லியிருந்தார். சொந்த ஊரிலிருந்து உதாரணமும் தர வேண்டுமாம். யாழினி தோழிகளோடு என் கடைக்கு வந்துவிட்டாள்.

"மாமா, படத்துல அம்மாவும் பையனும் பேசிக்கினே இருக்காங்க. திடீர்னு எதுக்குக் கோபுரத்தைக் காட்டுறாங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாழ்நாளில் நான் சொன்னதை யாரும் குறித்துக்கொண்டது கிடையாது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் முகத்தையே பார்த்ததும் எங்கிருந்தோ ஒரு திமிர் வந்துவிட்டது.

"அங்க சண்டை நடந்திருக்கும்மா. கல்யாணத்துல யாராவது கத்துனா, நாங்களும் அதை வெட்டிட்டு ஒரு கோபுரத்தைப் போட்டுடுவோம். நம்ம ஊர்ல கோபுரத்துக்கா பஞ்சம்?"

அதோடு வாயை மூடினேனா? ஸ்லோமோஷன் வந்தால் எடுத்தது போதவில்லை, கறுப்பு வெள்ளை வந்தால் மண்டபத்தில் லைட் சரியில்லை, பூமழை கொட்டினால் பின்னால் யாரோ கொட்டாவி விடுகிறார்கள் என்று அருள்வாக்கு சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

யாழினி வற்புறுத்தியதால் நானும் பள்ளிக்குப் போய், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

யாழினி கணீரென்று வாசித்தாள். "எங்கள் ஊர்க் கல்யாண வீடியோக்களில் சண்டை நடந்த இடமெல்லாம் கோபுரக் காட்சியால் மறைக்கப்படுகிறது என்கிறார், இத்துறையில் அனுபவம் மிக்க எங்கள் பக்கத்து வீட்டு மாமா."

ஹாலில் சலசலப்பு. ஒரு பெண், தாலி கட்டி முடித்த உடனே தங்கள் வீடியோவில் வரும் கோபுரத்துக்கு என்ன காரணம் என்று கணவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

தணிகாசலம் அண்ணன் எழுந்து, என்னைத் தேடிப் பிடித்தார். "ஏம்பா, எங்க பெரிய பொண்ணு கல்யாணத்துல பந்தி முழுக்கக் கோபுரமா இருக்குதே. உனக்குப் பக்தி ஜாஸ்தின்னு நினைச்சுக்கினு இருந்தேன். யாருபா அங்க சண்டை போட்டது?"

தூண் போதுமான அகலத்தில் இல்லை. மேடையில் யாழினியின் முகம் வெளுத்துவிட்டது. கட்டுரை பொய் என்றால் அவள் படிப்பு போச்சு, உண்மை என்றால் நான் போனேன்.

"நீங்கதாண்ணா," என்றேன். "அப்பளம் வரலைன்னு."

முதலில் பேசியது அவர் மனைவி. "கேட்டுக்குங்க. நான் கத்தவே இல்ல பாருன்னு இத்தனை வருசமா அந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டிக்கினு இருந்தாரு இந்த மனுசன்."

ஹால் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கட்டுரைக்கு டீச்சர் பாதி மதிப்பெண்தான் போட்டார். குறும்படத்தில் கோபுரம் வந்ததால் இயக்குநர் வீட்டிலும் சண்டை என்று ஆதாரமில்லாமல் எழுதியது தவறாம்.

வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"என் குரலையே காணாம பண்ணிட்டியேபா," என்றார். "அப்போ இது பெரிய படிப்புதான். பொண்ணு சேரட்டும்."

அடுத்த வாரமே கடைக்கு வந்து, வெட்டி எடுத்த துண்டு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கொடுத்தேன். இப்போது அந்த வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அதைத்தான் போடுகிறார்கள். பேத்திக்குத் தாத்தாவின் வசனம் மனப்பாடம். தாலி கட்டும் காட்சியைப் போடச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.