டீசலை நிறுத்தும் ஆண்டு

"வடக்கானுங்க ரெண்டாயிரத்து நாப்பதுன்னா, தெற்குப் பக்கம் முப்பத்தெட்டு! எழுதிக்கோம்மா!"

லுசாமா பெரியவர் பாயில் ஓங்கித் தட்டினார். கூட்ட மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள்.

தலைநகரிலிருந்து வந்திருந்த மின்துறை அதிகாரி சியூய்லா பேனாவை நிறுத்தினாள். டீசலை அடியோடு விட்டுவிட்டு, வெயிலை மட்டும் நம்பி நாடு மின்சாரம் எடுக்க வேண்டிய ஆண்டு 2040. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டவள் அவள்தான். மற்ற தீவுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டன. இந்தத் தீவும் போட்டால் நாளை அமைச்சர் நாட்டின் இலக்கை அறிவிப்பார். ஒத்துவராத ஆண்டோடு திரும்பினால் அவள் வேலைக்கு வேட்டுதான்.

வடக்கைக் கேட்டுவிட்டுத் தெற்கைக் கேட்டதுதான் தப்பு. மீன் பிடிப்பதோ, தேவாலயத்துக்கு வெள்ளையடிப்பதோ, இந்தத் தீவில் இரண்டு பக்கமும் போட்டி போடாமல் எதையும் செய்ததில்லை.

"ஐயா, நடுவுல முப்பத்தொம்பதுன்னு வச்சுக்கலாமே?"

"அவனுங்களோட நாங்க பங்கு போட்டுக்கணுமா?" வடக்குப் பக்கத்துத் தெயாகாய் எகிறினார். "முப்பதுன்னு போடு!"

"அப்ப எங்களுக்கு வர்ற வருஷம்!" லுசாமா விடவில்லை.

"சரிங்கய்யா, சரி. ஆளுக்கொரு வருஷம் சொல்லுங்க, ரெண்டையுமே எழுதிக்கறேன்," என்றாள் சியூய்லா, தப்பித்தால் போதும் என்று.

வந்தது வினை. பாட்டுப் போட்டிக்கு மேளமாகத் தட்டும் மரப்பெட்டிகளை நடுவில் இழுத்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் பாடி ஆடி ஓர் ஆண்டைச் சொன்னால், மறுபக்கம் இன்னும் உரக்கப் பாடி அதைக் குறைத்தது. பாட்டு வேகம் எடுக்க எடுக்க நாட்டின் இலக்கு கிடுகிடுவென்று இறங்கியது. அடுத்த மாதம். அடுத்த வாரம். நாளை.

"இன்னைக்கே!" என்று கத்தினார் லுசாமா.

பெட்டிச் சத்தம் நின்றது. அதற்குக் கீழே இறங்க வடக்குக்கு இடமில்லை. தெயாகாய் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தார். தெற்கில் ஒரே கும்மாளம்.

சியூய்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் யோசிங்கய்யா! இன்னைக்கே டீசலை நிறுத்தினா என்ன ஆகும்? விளக்கு எரியாது, மீன் வைக்கிற ஃப்ரிட்ஜ் ஓடாது, தீவே இருண்டுபோயிடும். வெயில் மட்டும் பத்தாது. நான் கணக்குப் போட்டிருக்கேன்!"

வடக்குப் பக்கத்துக் கடைசி வரிசையில் அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த ஃபலானி மெதுவாக எழுந்தார். தீவின் டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர்.

"வடக்குப் பக்கம், போன திங்கக்கிழமைன்னு எழுதிக்கோ தங்கச்சி," என்றார். "டீசல் அன்னைக்கே தீந்துபோச்சு, அதுக்கப்புறம் எல்லாம் வெயில்லதான் ஓடுது. ஒருத்தரும் கண்டுக்கல, நானும் சொல்லல."