பெலார்மீனோ வாங்கிய விறகு

அன்று மாலை பெலார்மீனோ ஒரு சபதம் எடுத்தார். லியோன்சியோ இனிமேல் இந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கக் கூடாது. குடித்தால் தன் பெயர் பெலார்மீனோ இல்லை. சபதத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரணம், லியோன்சியோ அப்போது எதிரே, பெலார்மீனோவின் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, இரண்டாவது கோப்பையைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா, லியோன்சியோ?" என்றாள் பெலார்மீனோவின் மனைவி ஜொவெலீனா.

"உன் காப்பியை வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

"எனக்கு?" என்று பெலார்மீனோ தன் கோப்பையை நீட்டினார்.

"உனக்கு எதுக்கு மனுசா? குடிச்சுட்டு ராவெல்லாம் புரண்டுக்கிட்டுக் கிடப்ப. போதும்."

பராயிபா மாநிலத்தின் உட்பகுதியில், தார் என்றால் என்னவென்றே தெரியாத காலத்து எங்கள் தெருவில், பெலார்மீனோதான் ரேடியோ ரிப்பேர்காரர். நாள் முழுக்கப் பேசும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, மனிதர் அதிகம் பேச மாட்டார். நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவார். வாசலில் இரண்டு நாற்காலி இருக்கும். ஜொவெலீனா பாலாடைக்கட்டித் துண்டைக் காப்பியில் முக்கி முக்கித் தின்றபடி, அன்றைக்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்வாள். அவர் "ம்" போடுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு மணி நேரம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் அவருடைய நாளில் மிச்சம் இருப்பது ரேடியோ பற்றவைக்கிற ஈயப் புகைதான்.

லியோன்சியோ அதைத்தான் எடுத்துவிட்டார். இளவயதில் அவர் சுருட்டை முடியும் அக்கார்டியனுமாக ஒரு ஜூன் மாதம் தினமும் ஜொவெலீனாவின் ஜன்னலடியில் நின்று வாசித்தவர். பிறகு ஒருநாள் திடீரென்று லாரி ஏறி சாவோ பாவ்லோ நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். "என்னோட ஒரே ஒரு பார்வை. பையன் ஊரை விட்டே ஓடிட்டான்" என்று பெலார்மீனோ முடிதிருத்தும் கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. அவர் வாழ்க்கையில் பெற்ற ஒரே வெற்றி அதுதான், பாவம். இப்போது அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான். பெண்சாதி செத்துப்போய், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய், நரைத்த சுருட்டை முடியோடும் அதே அக்கார்டியனோடும் வந்து இறங்கியிருந்தார். தினமும் நாலு மணிக்கு அந்த வாசலில் ஆஜர்.

"ஞாபகம் இருக்கா ஜொவெலீனா, உங்கப்பா தோட்டத்துல மழை கொட்டக் கொட்ட ஆடினோமே?"

"மறப்பேனா? என் செருப்பு சேத்துல போச்சே!"

"நான்தானே தேடி எடுத்தேன்!"

"எடுத்தது வேற யாரோட செருப்போ!"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். பெலார்மீனோவிடம் இப்படிச் சொல்ல ஒரு கதை இல்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஆடினார். அன்று விளக்கைத் தட்டிவிட்டு விருந்தையே இருட்டாக்கினார். அதை யாரும் அன்போடு நினைவுகூர்ந்ததில்லை.

ஜூன் பிறந்தது. தெருவுக்குக் குறுக்கே வண்ணக் காகிதக் கொடிகள் ஏறின. புனித அருளப்பர் திருநாளுக்கு முந்தின மாலை எங்கள் தெருவில் தீ எரியாத வாசலே இருக்காது. சுட்ட சோளத்தின் மணம் சட்டையில் ஏறினால் மாதக் கடைசி வரை போகாது. பிற்பாடு தெருவுக்குத் தார் போட்டார்கள், தார் உருகும் என்று தீயைத் தடுத்தார்கள். நன்றாக இருக்கட்டும். கதைக்கு வருகிறேன்.

"இந்த வருஷம் நம்ம வாசல்ல தீ வேணாம் மனுசா" என்றாள் ஜொவெலீனா, சோளம் உரித்துக்கொண்டே.

"ஏன் வேணாம்?"

"உன் முட்டிக்கு விறகு தூக்க முடியுமா? புகைன்னா எனக்கும் இருமல் வருது. எதிர்வீட்டுக் குயித்தேரியா தீயிலயே நம்ம சோளத்தையும் சுட்டுக்கலாம்."

"அடுத்த வீட்டுத் தீயிலயா? நான் உயிரோட இருக்கறப்பவா?"

"வேணாம்னா வேணாம். விறகுன்னு ஒரு குச்சி இந்த வாசலுக்கு வரக் கூடாது. சொல்லிட்டேன்."

அவள் அப்படிச் சொன்ன அந்தக் கணத்தில்தான் பெலார்மீனோவின் தலைக்குள் ஒரு ரேடியோ வால்வு பற்றிக்கொண்டது. தீ! ஆகா, தீ!

எங்கள் பக்கத்தில் அருளப்பர் தீயை இரண்டு பேர் கைகோத்து மூன்று சுற்றுச் சுற்றி, சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லிவிட்டால் சொந்தம் ஆகிவிடுவார்கள். ஆணாக இருந்தால் கும்பாத்ரே, பெண்ணாக இருந்தால் கொமாத்ரே. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்குள் சண்டை வரலாம், தீயைச் சுற்றியவர்களுக்குள் வரக் கூடாது. அதைவிட முக்கியம், ஒரு கும்பாத்ரே தன் கொமாத்ரேயை வேறு கண்ணோடு ஏறிட்டுக்கூடப் பார்க்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தவர்கள் செத்த பிறகு இரண்டு கொள்ளிகளாகக் காட்டில் ஓடி ஓடி ஒன்றையொன்று முட்டிக்கொள்வார்கள். பெலார்மீனோவின் சித்தப்பா அந்தக் கொள்ளிகளை ஏரிக்கரையில் கண்ணால் பார்த்தவர். குடித்திருந்தார்தான், ஆனாலும் பார்த்தவர்.

ஜொவெலீனாவையும் லியோன்சியோவையும் ஒரே ஒருமுறை அந்தத் தீயைச் சுற்ற வைத்துவிட்டால் போதும். ஜன்னல், மழை, செருப்பு எல்லாம் சாம்பல். பெலார்மீனோ தன் மூளையை நினைத்துத் தானே வியந்தார்.

மறுநாளே ஒரு கழுதை வண்டி நிறைய விறகு வாசலில் வந்து இறங்கியது.

"ஊரையே கொளுத்தப் போறியா?" என்று ஜொவெலீனா இடுப்பில் கை வைத்தாள்.

"பழக்கத்தை விடக் கூடாது ஜொவெலீனா. நம்ம அப்பன் பாட்டன் செஞ்சது."

"நான் சொல்றதை என்னிக்காவது கேட்டிருக்கியா நீ?"

"இந்த ஒரு விஷயத்துல கேக்க மாட்டேன்!" என்றார் பெலார்மீனோ. கல்யாணமான பிறகு அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததை அன்றுதான் தெரு கேட்டது. ஜொவெலீனா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் என்று நினைத்து அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

திருநாளுக்கு முந்தின மாலை. பொழுது சாய்ந்ததும் பெலார்மீனோவின் தீ தெருவிலேயே உயரமாக எழுந்தது. குயித்தேரியா சோளக் கொழுக்கட்டைத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். லியோன்சியோ அக்கார்டியனைத் திறந்தார். அந்த ஆள் நன்றாகத்தான் வாசித்தார், அதையும் சொல்ல வேண்டும். தெருக் கிழவர்கள் எல்லாரும் ஒருகணம் இருபது வயதுக்காரர்களாகி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெலார்மீனோவுக்குக்கூட நெஞ்சு இளகியது. இளகின நெஞ்சை இறுக்கிக்கொண்டு எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்க! லியோன்சியோ ஊருக்கு வந்திருக்கான். பழைய சிநேகிதன். அவனை வெறும் சிநேகிதனா விடலாமா? ஜொவெலீனா, வா இங்க. லியோன்சியோ, அந்தப் பெட்டியைக் கீழ வை. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சு மூணு சுத்து வாங்க!"

குயித்தேரியாவுக்குக் கொழுக்கட்டை புரையேறியது.

"ஏன் மனுசா," என்றாள் ஜொவெலீனா மெதுவாக, "ஒரே ஆளுக்கு எத்தனை தடவை கொமாத்ரே ஆகறது?"

"என்ன?"

"எனக்குப் பதினேழு வயசு இருக்கறப்பவே இவனோட தீயைச் சுத்தியாச்சு. எங்கப்பா தோட்டத்துல. குயித்தேரியாதான் சாட்சி."

"மூணு சுத்தும் நான் எண்ணினேன்" என்றாள் குயித்தேரியா இருமலுக்கு நடுவே.

பெலார்மீனோ லியோன்சியோவைப் பார்த்தார். லியோன்சியோ தலையைச் சொறிந்தார்.

"அதை ஏன் கேக்கற பெலார்மீனோ. 'வா, தீயைச் சுத்தலாம்'னு இவதான் கையை நீட்டினா. மூணு வாரமா ஜன்னலடியில காத்துக்கிடந்தவன் நான். கை கிடைச்சதே போதும்னு ஆகாசத்துல பறந்துட்டேன். 'அருளப்பர் சொன்னார், இராயப்பர் ஆமான்னார்'னு இவ சொல்லச் சொல்ல நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். மூணாவது சுத்து முடிஞ்சு 'என்ன கும்பாத்ரே, சௌக்கியமா?'ன்னு கேட்டா பாரு, அப்பத்தான் புத்திக்கு உறைச்சுது. மறுநாளே லாரி ஏறிட்டேன்."

"அப்ப... என் பார்வைக்குப் பயந்து..."

"உன் பார்வையா? உனக்கு அப்பவே கண்ணாடி இல்லாம எதுவும் தெரியாதே!"

தெருவே சிரித்தது. பெலார்மீனோ சிரிக்கவில்லை. முடிதிருத்தும் கடையில் அத்தனை வருடம் சொன்ன கதை அந்தத் தீயில் சுருண்டு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனை ஏன் அப்படிப் பண்ணினே?" என்று மனைவியைக் கேட்டார்.

ஜொவெலீனா தீயைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த வருஷம் எங்க வீட்டு ரேடியோவைச் சரிபண்ண ஒருத்தன் வந்தான். ரேடியோ நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டினான், மாட்டினான். மறுபடி கழட்டினான். வாரம் முழுக்க வந்தான். ஒரு வார்த்தை பேசலை. காப்பி குடுத்தா மட்டும் 'ம்'னான். அந்த 'ம்' எனக்குப் பிடிச்சுப் போச்சு."

பெலார்மீனோவுக்குக் கண் கரித்தது. புகைதான் என்று துடைத்துக்கொண்டார். இந்த வயதில், தெரு நடுவில், அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு அசடாகவும் ஒரே நேரத்தில் நிற்க நேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சரி, மூட்டின தீ வீணாகக் கூடாது" என்றாள் ஜொவெலீனா, ஏப்ரனை உதறிக்கொண்டு. "நீங்க ரெண்டு பேரும்தான் இன்னும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு சொந்தமும் ஆகலை. நீட்டு கையை."

"நானா?"

"பழக்கத்தை விடக் கூடாது. அப்பன் பாட்டன் செஞ்சது."

"நீட்டு! நீட்டு!" என்று தெரு கத்தியது. அருளப்பர் தீயின் முன்னால் நீட்டின கையை மறுத்தவன் எங்கள் தெருவில் அதுவரை யாரும் இல்லை. லியோன்சியோவின் கை ஏற்கனவே நீண்டிருந்தது. சிமெண்ட் தின்று காய்ந்து போன கை. இந்த மனிதருக்கு இந்த ஊரில் பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை என்பது பெலார்மீனோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிடித்துக்கொண்டார்.

முதல் சுற்றில் முட்டி வலித்தது. இரண்டாவதில் புகை அடித்தது. மூன்றாவதில், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாதபடி இரண்டு கிழவர்களும் சாய்ந்து நடந்தார்கள். குயித்தேரியா சத்தமாக எண்ணினாள். வார்த்தையைச் சொல்லி முடித்ததும் லியோன்சியோ தொப்பியைக் கழற்றினார்.

"சௌக்கியமா கும்பாத்ரே?"

"சௌக்கியம் கும்பாத்ரே. நீங்க?" என்றார் பெலார்மீனோ. கும்பாத்ரேயை 'நீ' என்று கூப்பிட முடியாது.

தீ தணிந்து, எல்லாரும் போன பிறகு அவர் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அவன் உனக்குக் கும்பாத்ரேன்னா இத்தனை நாளா ஏன் பேர் சொல்லிக் கூப்பிட்டே?"

"கும்பாத்ரே, கொமாத்ரேன்னு கூப்பிட வேணாம்னு அவன்கிட்டயும் நான்தான் சொல்லிவெச்சேன். அப்படிக் கூப்பிட்டிருந்தா நீ விறகு வாங்கியிருப்பியா?"

"நீதானே தீயே வேணாம்னே!"

"வேணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

பெலார்மீனோ ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினார்.

"அவன் வந்த நாள்லேருந்து நீ புளி தின்ன மூஞ்சியோட உக்காந்திருந்தே" என்றாள் ஜொவெலீனா. "என்னைக்காவது ஒருநாள் அவனை வாசல்லயே நிறுத்தி நீ துரத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு. என் கும்பாத்ரேயை நீ துரத்தலாம். உன் கும்பாத்ரேயை உன்னால துரத்த முடியுமா?"

முடியாது. கும்பாத்ரேக்கு வீட்டில் சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. இதெல்லாம் பெலார்மீனோவுக்குப் பால்குடி நாளிலிருந்து தெரியும். விறகு வாங்கும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"நாலு மணிக் காப்பி?" என்று கடைசியாகக் கேட்டார், குழந்தை மாதிரி.

ஜொவெலீனா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "கவலைப்படாதே. நாளையிலேருந்து நாலு மணிக்கு அவன் வர மாட்டான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் நாலு மணிக்கு லியோன்சியோ வரவில்லை. காலையிலேயே, தான் படுத்துத் தூங்கும் தூளியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைத் தொங்கவிட முன்னறைச் சுவரில் கொக்கி அடித்துக் கொடுத்தது, வேறு யார், பெலார்மீனோதான்.