பத்துப் பேர் பதில் சொல்ல வேண்டும்

கயிறு கட்டி எறிந்த ஸ்பானர் ஓக் மரக்கிளையை அழகாகத் தாண்டிவிட்டது. கிளைக்கு அப்பால் ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்ததைத்தான் எல்வுட் டெஷ் கவனிக்கவில்லை.

சாலட் கிண்ணத்திலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் வந்தான். பின்னால் நீளமாகக் கயிறும் வந்தது.

"பெரியவரே, இது உங்களோடதா?"

"ஆமாம்ப்பா. ஏரியல் கட்டறேன். மன்னிச்சுக்கோ."

"மரத்துலயா? வீட்ல டிவி இல்லையா?"

"இது ரேடியோ. பூங்காவுல உக்காந்து கூப்பிடணும். எங்கேயோ இருக்கற பத்துப் பேர் பதில் சொன்னா இந்தப் பூங்காவை ஜெயிச்ச மாதிரி."

"ஜெயிச்சா என்ன தருவாங்க?"

எல்வுட் யோசித்தார். "ஒண்ணும் தர மாட்டாங்க. பேசுவாங்க."

அந்த ஆள் ஸ்பானரை அவர் கையில் வைத்துவிட்டுப் போய், தன் குடும்பத்தோடு வேறு மேசைக்கு மாறிக்கொண்டான்.

பிப்ரவரியில் மனைவி கோரின் இறந்த பிறகு, விஸ்கான்சின் குளிரில் அந்த வீட்டில் பேசுவதற்கு ஆளில்லை. இந்த வாரம் முழுவதும் எல்வுட் பேசியது இரண்டே வார்த்தை. மருந்துக்கடையில், "பை வேண்டாம்." அறுபத்தொன்பது வயதில் பரீட்சை எழுதி ரேடியோ உரிமம் வாங்கியதே யாராவது பதில் பேசுவார்கள் என்றுதான். மூன்று பூங்காக்களில் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. இன்றும் யாரும் வராவிட்டால் ரேடியோவை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

வம்பு வேண்டாம் என்று வேறு மரத்துக்குப் போனார். இந்த முறை ஸ்பானர் மேலே போய், இறங்கவே இல்லை. கயிற்றைப் பிடித்து இழுத்ததில் கிளை முறிந்து அவருடைய தெர்மாஸ் மேல் விழுந்தது. காபி போயிற்று. கடைசியில் ஏரியல் கம்பியைக் கைக்கு எட்டிய உயரத்தில், முகாமின் ஒலிபெருக்கி வயர் ஓடிய வேலியோரமாகவே இழுத்துக் கட்டினார்.

ரேடியோவைப் போட்டார். வாத்துக் கூட்டம் சண்டை போடுவது போலச் சத்தம். புத்தகத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினார். வாத்துகளும் போய்விட்டன. போதாக்குறைக்கு ஒலிபரப்பு வலுவையும் முழுதாகத் திருகி வைத்து, ரேடியோக்காரர்கள் ஆள் தேடும் சொல்லால் கூப்பிட்டார்.

"சிக்யூ, சிக்யூ. பூங்காவிலிருந்து கூப்பிடறேன். யாராவது இருக்கீங்களா?"

யாரும் இல்லை. நாற்பது நிமிடம் கூப்பிட்டார். தொண்டை கட்டியது. ஓர் அணில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"சரி," என்றார் மைக்கில். "யாரும் இல்லேன்னா வெக்கப்பட என்ன இருக்கு. நானே பேசறேன்."

கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்று தூள் சிந்துவாள் கோரின் என்றும், முப்பத்தெட்டு வருஷம் அதற்காகச் சண்டை போட்டதாகவும் சொன்னார். இப்போது படுக்கை சுத்தமாக இருப்பதாகவும், அதில் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். அவளைப் போலச் சமைக்கிறேன் என்று அடுப்பில் கறியைக் கருக்கியதையும், புகை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்ததையும் சொன்னார்.

"ஆறு பேர் வந்தாங்க. எல்லாருக்கும் காபி போட்டேன். அவங்க கேப்டன் கோரினோட படத்தைப் பாத்து, யாருன்னு கேட்டார். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. அவ போனப்புறம் வீடு அப்படி நிறைஞ்சதே இல்லை. அதனால அடுத்த வாரம்," குரல் தணிந்தது, "நானே வேணும்னு கருகவிட்டேன். அதே கேப்டன்தான் வந்தார். அடுப்பைப் பாத்தார். என்னைப் பாத்தார்."

அப்போது மேட்டிலிருந்து பூங்காக் காவலர் வேகமாக இறங்கி வருவது தெரிந்தது. ரோனா என்று சட்டையில் பெயர் தைத்த நடுத்தர வயதுப் பெண். எல்வுட் மைக்கை வைத்துவிட்டு அவசரமாகக் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

"போயிடறேம்மா. கிளையை நான்தான் உடைச்சேன். சாலட்டும் நான்தான். இனிமே வர மாட்டேன். ரேடியோவையும் கொடுத்துடப் போறேன், யாருக்கும் கேக்கலை."

ரோனாவுக்கு மூச்சு வாங்கியது. சுருட்டிய கம்பியை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"முகாம்ல இருக்கற எங்க ஒலிபெருக்கியில ஒரு மணி நேரமா நீங்கதான் சார் பேசறீங்க, நாப்பது பேர் நாற்காலி போட்டு உக்காந்துட்டு, பாதியில நிறுத்திட்டாரே, அந்தக் கேப்டன் என்ன சொன்னார்னு கேட்டுட்டு வான்னு என்னை அனுப்பியிருக்காங்க."