ஆளில்லா அறைக்கு விளக்கில்லை

விளக்கு மறுபடியும் அணைந்தது. மின்விசிறியும் கூடவே நின்றது. காலையிலிருந்து இது நாலாவது தடவை.

ஆலோசகர் பேனாவைப் பிடித்தபடி அரையிருட்டில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் என்று ஒன்று இருந்தது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். சுண்ணாம்பு வாசனை வரும், வெளிச்சம் வராது.

அவர் மாநில அரசின் எரிசக்தித் துறையில் மூத்த கொள்கை ஆலோசகர். மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறார். பதினோரு கொள்கை எழுதினார். பதினொன்றும் கீழ்த்தளத்துப் பதிவறையில் பத்திரமாக இருக்கின்றன. கரையான் படித்திருக்கும். வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

இது பன்னிரண்டாவது. ‘ஆளில்லா அறைக்கு விளக்கில்லை.’ அறையில் ஆள் இல்லாவிட்டால் விளக்கும் விசிறியும் தானாக அணைய வேண்டும், ஆள் வந்தால் தானாக எரிய வேண்டும். அசைவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி. சோதனைக்காக அவருடைய நாலாம் மாடியிலேயே மூன்று மாசமாக நடக்கிறது. யாரும் கை வைக்கக் கூடாதென்று அறைகளில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் கழற்றி, வராந்தாக் கோடியில் ஒரே பெட்டியில் மாட்டிவிட்டார்கள். மீட்டர் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம்! ஆலோசகரே மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

பதினோரு மணிக்கு அமைச்சர் நேரில் பார்க்க வருகிறார். பிடித்தால் கையெழுத்து, மாநிலம் முழுக்க அமல். பிடிக்காவிட்டால் “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார். அடுத்த வருஷம் ஆலோசகர் இருக்க மாட்டார். உயிரோடு இருப்பார், உத்தியோகத்தில் இருக்க மாட்டார். இந்த மாசக் கடைசியோடு ஓய்வு. இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்த அரசாங்கத்துக்கு, தான் எழுதிய ஒரு கொள்கையாவது வெளியே போய் வேலை செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாங்கியதற்கு வஞ்சகம் செய்யாத மனுஷன்.

இப்போது மணி ஒன்பதே முக்கால். அவர் கருவியே அவரை ஆளாக மதிக்கவில்லை.

அண்ணாந்து பார்த்தார். கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு சிவப்புப் பொட்டு கண் சிமிட்டியது. அவர் ஒரு கருத்தரங்குக்கு வெளியூர் போயிருந்த வாரத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கூரையில் பெட்டி இருந்தது, காலி அறைகளில் விளக்கு அணைந்திருந்தது. சரி, நடக்கிறது என்று எழுதிவிட்டார். சர்க்காரில் எழுதுவது ஒரு துறை, வாங்குவது ஒரு துறை, மாட்டுவது இன்னொரு துறை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே கிடையாது.

பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். இரண்டு கையையும் ஆட்டினார். எழுந்து நின்று, அறுபதை நெருங்கிய இடுப்பை நம்பி, ஒரு குதி குதித்தார். இடுப்புதான் சத்தம் கொடுத்தது.

கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, “யாருப்பா அங்க?” என்றார்.

பளிச்சென்று விளக்கு வந்தது.

உதவியாளர் ஓடி வந்தார். எது சொன்னாலும் ஒத்துக்கொள்வார் என்பதால் அவருக்கு மாடி வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

“பாத்தியா? கதவுகிட்ட போனாத்தான் இதுக்குக் கண்ணு தெரியுது. மேஜை தூரத்துல இருக்கு.”

“ஆமா சார், தூரந்தான்.”

“மேஜைய பெட்டிக்கு நேர் கீழ இழுத்துப் போடுவோம்.”

“ஆமா சார், போட்டுடலாம்.”

இரண்டு பேரும் இழுத்தார்கள். பெட்டி இருந்தது பீரோவுக்குப் பின்பக்கத்து மூலையில். மேஜையும் அந்த மூலைக்குப் போனது. ஆலோசகரும் போய் உட்கார்ந்தார். ஆள் ஏற்கெனவே குள்ளம், முன்னால் பீரோ வேறு.

எட்டு நிமிஷம். விளக்கு அணைந்தது. முன்பாவது எப்போதாவதுதான் அணைந்தது. இப்போது தவறாமல் அணைய ஆரம்பித்தது.

மின்சாரப் பராமரிப்புப் பிரிவுக்குப் போன் போட்டார்.

“ஆள கண்டுபிடிக்கிற கருவியா?” என்றது ஒரு குரல். “அது எங்ககிட்ட வராது சார். நாங்க டியூப் லைட் வரைக்குந்தான்.”

“டியூப் லைட்டுதான்ய்யா எரியல!”

“டியூப்ல கோளாறா சார்?”

“டியூப் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப எங்க வேலை முடிஞ்சுது சார்.” வைத்துவிட்டது.

வைத்த கையோடு வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க, கையெழுத்து ஆச்சா?”

“அமைச்சரே இன்னும் வரல. நான் இங்க இருட்டுல உக்காந்திருக்கேன். நான் இருக்கும்போதே விளக்கு அணையுது.”

அந்தப் பக்கம் சிரிப்பு.

“முப்பது வருஷமா நான் சமையக்கட்டுல நிக்கும்போதே லைட்ட அணைச்சிட்டுப் போற மனுஷன் நீங்க. இப்ப எப்படி இருக்கு?”

“கிண்டல் பண்ற நேரமாடி இது?”

“கோவப்படாதீங்க. நல்லபடியா முடியும். சட்டையில வேர்வை தெரியாம பாத்துக்குங்க.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “நீங்க எழுதினது ஒண்ணாவது நடக்கணுங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.”

ஆலோசகர் போனுக்கு ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

அடுத்த யோசனை உதித்தது. அசைவுதானே வேண்டும்? ஆமாஞ்சாமி மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்துவிட்டுப் போகட்டும்.

ஆமாஞ்சாமி உள்ளே வந்தார். விளக்கு எரிந்தது. வெளியே போனார். விளக்கு அணைந்தது. வந்தார், எரிந்தது. போனார், அணைந்தது. அறை கல்யாண வீட்டு வாசல் மாதிரி மினுக்கியது.

“பிடிச்சிட்டேன்!” என்று மேஜையைத் தட்டினார் ஆலோசகர். “இது தலைய எண்ணுதுய்யா! ஒருத்தன் வந்தா ஒண்ணு, போனா பூஜ்யம். உள்ள ஏற்கெனவே இருக்கிறவன் கணக்குல இல்ல.”

“ஆமா சார், கணக்குல இல்ல.”

“அப்ப வர்றவங்க எல்லாம் வரணும், ஒருத்தரும் போகக் கூடாது. மாடியில இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிட்டு வா!”

வந்தார்கள். தட்டச்சுக்காரம்மா, தபால் பிரிவுக்காரர், புள்ளிவிவரக்காரர்கள் மூன்று பேர், வராந்தாக் கோடியில் ஸ்டூல் போட்டு உட்காரும் துப்புரவு அம்மா, யாரையோ பார்க்க வந்து வழி தவறிய ஒரு மனுதாரர்கூட வந்தார். பத்துக்குப் பத்து அறையில் ஒன்பது பேர்.

“ஐயா, உள்ளதான் இருக்கீங்களா?” என்று துப்புரவு அம்மா பீரோவைச் சுற்றி எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். “தெரியவே இல்லீங்களே!”

“எல்லாரும் அப்படியே நில்லுங்க. யாரும் அசையாதீங்க. இல்ல இல்ல, அசையுங்க. போகாதீங்க, அவ்வளவுதான்.”

விளக்கு எரிந்தது. பத்து நிமிஷம் ஆனது, எரிந்தது. இருபது நிமிஷம் ஆனது, அணையவே இல்லை. மனுதாரர் தட்டச்சுக்காரம்மாவின் காலை இரண்டு தடவை மிதித்து இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. ஆலோசகர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவர்களுக்கு என்ன செய்துவிட்டோம், வேலையைப் போட்டுவிட்டு வந்து வேர்வையில் நிற்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்தது.

பதினொன்றே காலுக்கு அமைச்சர் வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கனத்த சரீரம், நாலு மாடி ஏறியிருந்தார். மூச்சு முதலில் வந்தது, அமைச்சர் பின்னால் வந்தார்.

“என்ன ஆலோசகரே!” என்றார். முகம் சரியில்லை. “வர்ற வழியில எல்லா ரூமையும் பாத்தேன். ஏழு ரூம். ஒரு ஈ காக்கா இல்ல, லைட்டும் ஃபேனும் ஜோரா ஓடுது! மாடியில இருக்கிற மொத்த ஆளும் இந்த ஒரு ரூம்ல அடைஞ்சு கிடக்கு. இதுதான் நீங்க மிச்சம் பிடிக்கிற லட்சணமா?”

பன்னிரண்டாவது கொள்கையும் பதிவறைப் படிக்கட்டில் இறங்கிப் போவது ஆலோசகர் கண்ணுக்குத் தெரிந்தது.

“எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க,” என்றார் மெதுவாக. “சிரமம் கொடுத்துட்டேன். மன்னிச்சிக்குங்க.”

போனார்கள். மனுதாரர் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் படிக்கட்டுப் பக்கம் போனார். அமைச்சர் கையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

“நாம மூணு பேரும் வெளியதான நிக்கிறோம்? உங்க ரூம் இப்ப காலி. எங்க, அணையச் சொல்லுங்க பாப்போம்.”

“அதுக்குக் கொஞ்சம் நேரம்…”

சொல்லி முடிக்கவில்லை. விளக்கு அணைந்தது. அமைச்சர் புருவத்தைத் தூக்கினார். பக்கத்து அறையிலும் அணைந்தது. எதிர் அறையில் தட்டச்சுக்காரம்மா போய் உட்கார்ந்துவிட்டதால் அங்கே அணையவில்லை. புள்ளிவிவர அறையில் மூன்று பேர் இருந்தார்கள், எரிந்தது. கூட்ட அறை காலி, அணைந்தது. ஒரு தப்பு இல்லை.

“அட!” என்றார் அமைச்சர்.

விடுவிடுவென்று ஆலோசகரின் அறைக்குள் போனார். எரிந்தது. வெளியே வந்தார். அணைந்தது. ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தார். விளக்கு ஒரு நொடி யோசித்தது, பிறகு எரிந்தது. அமைச்சருக்குச் சின்னப் பிள்ளை சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே போய் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“யப்பா, என்னா புழுக்கம்! லைட்டு எரியாட்டிகூடப் பரவால்ல, ஃபேன் ஓடினாப் போதும்,” என்று வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் அலுத்துக்கொண்டார். மேடைப் பேச்சுத் தொண்டை.

விளக்கு அணைந்தது. விசிறி மட்டும் ஓடியது.

அமைச்சர் வாயைத் திறந்தது திறந்தபடி மேலே பார்த்தார். ஆலோசகரும் பார்த்தார். அவர் எழுதிய நாற்பது பக்கத்தில் கருவிக்குக் காது உண்டு என்று ஒரு வரி கிடையாது.

“பேசுறதுகூடக் கேக்குமா?” என்றார் அமைச்சர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பெட்டிக்குக் கேட்டுவிடுமோ என்று பயம் போல.

ஆலோசகருக்குப் பொய் வராது. “ஐயா, உண்மையச் சொன்னா, இது எப்படின்னு எனக்கே…”

“ஆமா சார், கேக்கும்,” என்றார் ஆமாஞ்சாமி.

“கொண்டாங்க ஃபைல!” என்றார் அமைச்சர். “எத்தனையோ அதிகாரிங்க எத்தனையோ திட்டம் காட்டினாங்க. எல்லாம் படத்துலதான் ஓடும். நேர்ல ஓடி இன்னைக்குத்தான் பாக்குறேன். இவ்வளவு நாள் எங்கய்யா இருந்தீங்க?”

“நாலாம் மாடியிலதாங்க,” என்றார் ஆலோசகர்.

அமைச்சர் கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து. ஆலோசகர் அந்த மை காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அமைச்சர் கிளம்பும்போது அவர் தோளைத் தட்டிவிட்டு, மேலே பெட்டிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஆலோசகர் மனைவிக்குப் போன் போட்டார். “ஆயிடுச்சு” என்ற ஒரே வார்த்தைதான் வந்தது. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அப்புறம் அவர் உட்காரவில்லை. அறை அறையாகப் போனார். தட்டச்சுக்காரம்மாவுக்கு நன்றி சொன்னார். காலில் மிதி வாங்கியதற்கும் சேர்த்துச் சொன்னார். புள்ளிவிவரக்காரர்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். தபால் பிரிவுக்காரர் பதறி எழுந்து நின்றுவிட்டார், அந்த நாற்காலிக்கு யாரும் நன்றி சொல்லி அவர் பார்த்ததில்லை. ஆமாஞ்சாமியின் கையைப் பிடித்து, “உன்ன எல்லாரும் கேலி பண்றாங்க. ஆனா நீ இல்லேன்னா நான் பாதியில விட்டுருப்பேன்ய்யா,” என்றார். ஆமாஞ்சாமி முதல் தடவையாக, “இல்ல சார், அப்படியெல்லாம் இல்ல,” என்றார்.

கடைசியில் வராந்தாக் கோடிக்கு வந்தார். துப்புரவு அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழப்போனாள்.

“உக்காரும்மா. வேலையெல்லாம் விட்டுட்டு எனக்காக வந்து நின்னீங்க. ரொம்ப நன்றி.”

“இதுக்குப் போயி என்னங்க ஐயா, கூப்பிட்டீங்க, வந்தேன். கையெழுத்து ஆயிடுச்சாமே?”

“ஆயிடுச்சும்மா. எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டேன். மூணு மாசமா ஒரு நாள் லீவு இல்லாம மாடு மாதிரி உழைச்ச அந்தக் கருவிக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மேல இருக்கிறது புகை வந்தா கத்துற பெட்டி ஐயா; உங்க கருவி இன்னும் வந்தே சேரல, அதுவரைக்கும் உங்க உத்தரவு வீணாப் போக வேணாமேன்னு நான்தான் ரூம் ரூமா எட்டிப் பாத்து, ஆளு இருந்தா இந்த சுவிட்சப் போட்டு, இல்லேன்னா அணைச்சிக்கிட்டு இருக்கேன்.”