துரைக்கு ஒரு நாற்காலி

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த வெள்ளைக்காரர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

சுருளிவேல் இதை எதிர்பார்க்கவில்லை. ஒன்பது மணி பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான் ஆத்தூரைத் தாண்டும். கல்யாணப் பத்திரிகையில் ஒன்பது என்று போட்டால் பத்தரைக்கு மேல்தான் தாலி ஏறும். ஒன்பது என்றால் அந்த வாக்கில் எப்போதாவது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஜீப் வாசலில் வந்து நின்றபோது அவர் இடுப்பில் ஒரு துண்டும் வாயில் ஒரு வேப்பங்குச்சியுமாக இருந்தார். இருந்தபடியே கொல்லைப்பக்கம் ஓடி, சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி சுந்தரம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"இந்தாய்யா, தொரை வாசல்ல நிக்கிறாரு. நீ ஏன் இங்க வந்து ஒளியுற?"

"துண்டோட போயி நிக்கச் சொல்றியா? செத்த நேரம் இருக்கச் சொல்லு."

"நானா? எந்தப் பாசையில?"

"கூட டிரைவர் இருக்கான்ல. அவன்கிட்டச் சொல்லு."

துரைக்கு ஊர் டென்மார்க். இரண்டு வருஷமாக மழை இல்லை என்று கேள்விப்பட்டு, அவருடைய சங்கத்தார் பாறையைத் துளைக்கும் எந்திரம் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஊருக்கு ஒரு சம்சாரியின் நிலத்தில் இலவசமாகப் போர்க்கிணறு போட்டுத் தருவார்கள். யாருக்கு என்பதைத் துரை வீடு வீடாகப் போய்ப் பார்த்து முடிவு செய்வார். ஊரில் நிலம் உள்ளவர்கள் எல்லோரும் பெயர் கொடுத்திருந்தார்கள். முதலில் சுருளிவேல் வீடு.

சுருளிவேலின் கிணறு போன தையிலேயே வற்றிவிட்டது. தென்னைகள் ஒவ்வொன்றாக மட்டை தொங்கிக்கொண்டிருந்தன. ஆடிக்குள் தண்ணீர் பார்க்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு வேடசந்தூர் மில்லுக்குப் போக வேண்டியதுதான். மில் என்ற சொல்லைக் கேட்டாலே சுந்தரம்மாளுக்குக் கண் கலங்கும்.

"மாப்ள!"

வேலிக்கு மேலே மொக்கைச்சாமியின் தலை தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரர். கண்டித் தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைக்காரர்களைப் பற்றி ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள்.

"என்ன மச்சான், சொன்ன நேரத்துக்கே வந்து நிக்கிறாரு?"

"அவங்க அப்படித்தான். சாவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போனாக்கூட நேரம் சொல்லிட்டுத்தான் போவாங்க. வேட்டியக் கட்டிக்கிட்டு முன்னால போ. நான் இங்கயேதான் நிக்கிறேன். எதுன்னாலும் ஒரு இருமல் இருமிட்டு வா."

சுருளிவேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வேப்பமரத்தடியில் துரை நின்றுகொண்டிருந்தார். வேப்பமரத்துக்கு அவரே ஒரு கிளை மாதிரி இருந்தார். கையை நீட்டினார். சுருளிவேலும் நீட்டினார். துரை அதைப் பிடித்துக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டினார். அந்த நேரம் பார்த்துச் செம்பில் தண்ணீருடன் சுந்தரம்மாள் வந்தாள். துரை அவளுக்கும் கையை நீட்டினார்.

சுந்தரம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். செம்பை அந்தக் கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

துரை செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"செம்பு நல்லா இருக்காம்" என்றார் சூசைராஜ். திண்டுக்கல்காரர். துரைக்கு ஜீப்பும் ஓட்டுவார், பேச்சையும் மொழிபெயர்ப்பார்.

"கை நீட்டுனது தண்ணிக்கு இல்லையா?"

"இல்லண்ணே. கை குடுக்க."

"எம் பொண்டாட்டிக்கு இவரு எதுக்குய்யா கை குடுக்கணும்?"

"அது அவங்க ஊர் மரியாதை."

"ஊரு எங்க ஊருல்ல?"

சூசைராஜ் அதை மொழிபெயர்க்கவில்லை.

சுருளிவேல் புதுப் பாயை உதறி விரித்தார். துரை உட்கார்ந்தார். அவருக்குக் கால் மடங்கவில்லை. இரண்டையும் நேராக நீட்டினார். பூட்ஸ் இரண்டும் சுருளிவேலின் நெஞ்சைப் பார்த்தன. சுருளிவேல் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தார். பேசுகிறவரின் முகம் பார்த்துப் பேசுவது துரைக்கு வழக்கம் போலிருக்கிறது. அவரும் திரும்பினார். பூட்ஸும் திரும்பியது. சுருளிவேல் வலப்பக்கம் போனார். பூட்ஸ் அங்கேயும் வந்தது.

சுருளிவேல் இருமிக்கொண்டே கொல்லைக்குப் போனார்.

"பாயா விரிச்ச?" என்று மொக்கைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளைக்காரனுக்கு முழங்கால் எதுக்குன்னே தெரியாது மாப்ள. இந்தா, நம்ம வீட்டு நாற்காலி. கண்டியில இருந்து கொண்டாந்தது. பிடி."

கைவைத்த தேக்கு நாற்காலி வேலியைத் தாண்டி வந்தது.

"நீ நல்லா இருப்ப மச்சான்."

"அட, இந்த வெங்கலச் செம்பையும் கொண்டு போ. அந்த நசுங்குன செம்பப் பாத்துட்டு ஊரப் பத்தி என்ன நெனப்பாரு?"

துரை நாற்காலியில் உட்கார்ந்து அதன் கையைத் தடவிக்கொடுத்தார்.

"நாற்காலி ரொம்ப நல்லா இருக்காம். உங்க வீட்டுதான்னு கேக்குறாரு" என்றார் சூசைராஜ்.

"பின்ன?" என்றார் சுருளிவேல்.

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம். விருந்தாளி வந்துவிட்டால் தெருவே ஒரு வீடு. பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் ஜமுக்காளம் யாருடையது என்று எந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சுந்தரம்மாள் கிசுகிசுத்தாள்.

"எதப் பாத்தாலும் நல்லாருக்கு நல்லாருக்குங்கிறாரே, கண்ணு பட்டுறாதா?"

"மச்சான் நாற்காலிக்குத்தான படும். சும்மா இரு."

துரை தண்ணீர் குடித்துவிட்டு நன்றி சொன்னார். செம்பைத் திரும்ப வாங்கியதற்கு ஒரு நன்றி. ஓலை விசிறி கொடுத்ததற்கு ஒன்று. விசிறியை அவரே கீழே போட, எடுத்துக் கொடுத்ததற்கு இன்னொன்று.

"தாகத்துக்குத் தண்ணி குடுத்ததுக்கெல்லாம் எதுக்குய்யா நன்றி?" என்றார் சுருளிவேல். "குடுக்க மாட்டோம்னு நெனச்சாரா?"

"அது அவங்க பழக்கம்ணே. நீங்க ஏதாச்சும் பேசுங்க. சும்மா இருந்தா அவருக்குச் சங்கடம்."

சுருளிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்தவரை மதித்து விசாரிக்க அவருக்குத் தெரியாதா?

"கல்யாணம் ஆயிருச்சான்னு கேளுங்க."

"அதக் கேக்கக் கூடாது."

"புள்ளைங்க எத்தன?"

"கல்யாணமே கேக்கக் கூடாதுங்கிறேன்."

"வயசு?"

"கூடாது."

"சம்பளம் எம்புட்டு?"

"ஐயோ, அதப் பத்தி வாயே தெறக்கக் கூடாது."

"பின்ன எதத்தான்யா கேக்குறது?"

"மழை பெய்யுமா, வெயில் எப்படின்னு கேளுங்க. அவங்க ஊர்ல அதான் பேசுவாங்க."

சுருளிவேல் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை பெஞ்சா இவரு முன்னால நான் எதுக்குய்யா நிக்கப் போறேன்?"

பேச்சு சரிவரவில்லை என்று காப்பிக்கு மாறினார். காப்பி சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார். துரை வேண்டாம் என்றார். சுருளிவேலுக்கு இதில்தான் கொஞ்சம் நிம்மதி. முதல் தடவை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. மறுபடி கேட்டார். மறுபடியும் வேண்டாம். அதுவும் சரிதான். மூன்றாவது தடவை கேட்டபோது துரையின் முகம் மாறியது. சூசைராஜிடம் நீளமாக ஏதோ பேசினார்.

"என்னவாம்?"

"வேணாம்னா வேணாம்தானாம். திருப்பித் திருப்பிக் கேக்குறதப் பாத்தா குடிக்காட்டி நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயமா இருக்காம். குடிக்கிறாராம். பால் ஊத்தித் தரச் சொன்னாரு."

உள்ளே அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. பால் இல்லை. சுருளிவேலின் மாடு மடிவற்றி, எலும்பும் தோலுமாகத் தொழுவத்தில் நின்றது. சுருளிவேல் இருமியபடி கொல்லைக்குப் போனார். இந்தத் தடவை உண்மையாகவே இருமல் வந்துவிட்டது.

"பாலா?" என்று மொக்கைச்சாமி யோசித்தார். "செம்புல குடுத்தா நம்ப மாட்டாங்க மாப்ள. தண்ணி கலந்ததும்பாங்க. கண்ணு முன்னால கறக்கணும். பசுவையே ஓட்டிட்டு வாரேன்."

"உம் பசுவையா?"

"உனக்கு இல்லாத பசுவா? ஓம் மாட்ட அவுத்து எங்க தொழுவத்துல கட்டிக்கிறேன். அது கண்ணுல படக் கூடாது."

பசு மாற்றம் பின்வழியாகவே நடந்தது. மொக்கைச்சாமியின் பசுவுக்குச் சுருளிவேலைப் பிடிக்கவில்லை. மடியில் கை வைத்ததும் ஒரு உதை விட்டது. வேலிப்பக்கம் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"பசு ரொம்ப நல்லா இருக்காம்" என்றார் சூசைராஜ். "ஏன் கத்துதுன்னு கேக்குறாரு."

"தொரையப் பாத்த சந்தோசம்னு சொல்லு" என்றார் சுருளிவேல், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

துரை காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டம்ளர் காலியானதைப் பார்த்துச் சுந்தரம்மாள் கதவிடுக்கு வழியாகக் கை நீட்டி மறுபடி நிரப்பினாள். அவர் அதையும் குடித்தார். மறுபடி நிரப்பினாள். மூன்றாவது டம்ளரின்போது துரையின் நெற்றி வியர்த்தது.

"மிச்சம் வச்சா அவங்க ஊர்ல மரியாதை இல்லண்ணே" என்று சூசைராஜ் கெஞ்சினார். "வீட்டுல சொல்லுங்க, ஊத்துறத நிறுத்தச் சொல்லி."

"குடிக்கிறத அவரு நிறுத்தட்டும். காலி டம்ளரப் பாத்துக்கிட்டு நாங்க எப்படிச் சும்மா இருக்க?"

துரை டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு அவசரமாக ஒரு கேள்வி கேட்டார். சூசைராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வருசம் பூராவும் சாப்பாட்டுக்கு இருக்குதான்னு கேக்குறாரு."

சுருளிவேலுக்குக் காது சூடாகியது.

"சம்பளம் எம்புட்டுன்னு நான் கேக்கக் கூடாது. சோத்துக்கு இருக்கான்னு அவரு மட்டும் எங்கிட்டக் கேக்கலாமா?"

"கேட்டுட்டாரே. நான் என்ன செய்ய?"

சுருளிவேல் கொல்லைக்கு ஓடினார். மூச்சு வாங்கியது.

"மச்சான், குதிர்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி கேப்பக் கூழுதான். என்ன சொல்ல?"

மொக்கைச்சாமி பதறிவிட்டார். "வந்த ஆள்கிட்ட இல்லைன்னு சொல்லப் போறியா? கண்டித் தோட்டத்துல ஒருத்தன் தொரைகிட்ட இல்லைன்னு சொன்னான். மறுநாளே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. இல்லைன்னு சொல்றவன அவங்களுக்குக் கட்டோட பிடிக்காது. இரு, விதைநெல்லு மூட்டை கெடக்கு."

தன் முதுகிலேயே சுமந்து வந்து, மூட்டைகளைப் பின்வாசல் வழியாக நடுவீட்டில் போட்டுவிட்டுப் போனார். வேர்வையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. சுந்தரம்மாள் அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

சுருளிவேல் துரையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் மூட்டைகளைத் தட்டிக் காட்டினார்.

"பஞ்சமா? இந்த வீட்டுலயா? மூணு வேளையும் நெல்லுச்சோறுன்னு சொல்லுங்க தம்பி."

சூசைராஜ் சொன்னார். துரை மூட்டைகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடைசியாகக் கிணற்றடிக்குப் போனார்கள். உள்ளே பாறை வெயிலில் மின்னியது. அடியில் ஒரு உடும்பு படுத்திருந்தது. துரை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். 'நல்லா இருக்கு' என்று சொல்லவில்லை. காலையிலிருந்து அவர் செய்ததில் சுருளிவேலுக்குப் புரிந்த ஒரே காரியம் அதுதான். நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ஜீப்பில் ஏறும்போது துரை மறுபடி கையைப் பிடித்து இறைத்தார்.

"வசதியா, மனசு நெறஞ்சு வாழுற குடும்பமாம்" என்றார் சூசைராஜ். "இந்தப் பக்கம் இப்படி ஒரு வீட்ட அவரு பாத்ததே இல்லியாம்."

சுருளிவேல் கும்பிட்டார். சூசைராஜ் அவரைப் பார்த்து வேறு எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.

"போரு உண்டா இல்லையா? ஒண்ணும் சொல்லாமப் போறாரே" என்றாள் சுந்தரம்மாள்.

"எடுத்த எடுப்புல சொல்லுவாங்களா? அதுக்கும் அவங்களுக்கு ஒரு மொறை இருக்கும். நமக்கு எங்க புரியுது?"

ஜீப் நகர்ந்து, மொக்கைச்சாமி வீட்டு வாசலில் நின்றது. இருவரும் கொல்லைப்பக்கம் ஓடி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். துரையின் தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் கீழே இறங்கிவிட்டது. பேச்சுக்குரல் கேட்டது. பெரும்பாலும் மொக்கைச்சாமியின் குரல். ஒரு தடவைகூடச் சூசைராஜ் 'நல்லா இருக்காம்' என்று சொல்லிக் கேட்கவில்லை.

"மச்சான் நமக்காகத்தான் பேசுறாரு" என்றார் சுருளிவேல்.

ஜீப் போன பிறகு, மொக்கைச்சாமியின் மனைவி அய்யம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். முகம் கழுவிப் பூ வைத்திருந்தாள்.

"வா தங்கச்சி" என்றார் சுருளிவேல். "உங்க சாமான்ல ஒரு கீறல் இல்ல. பசுவ முதல்ல அவுத்து விடவா, நாற்காலியத் தூக்கித் தரவா?"

"எல்லாம் உங்க வீட்டுலயே இருக்கட்டும்ணே, இப்ப ஒண்ணும் அனுப்பிறாதீங்கன்னு சொல்லச் சொன்னாரு. எங்க தோட்டத்துல போர் போட்டு முடியுற வரைக்கும் தொரை தெனமும் வீட்டுக்கு வந்து போவாராம்ல?"